என் வயிற்றுக்காக வந்த சாகே

போன மாதம் எனக்கு ஒரு பாட்டில் மது பரிசாகக் கிடைத்தது. இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். சுற்றி நின்ற பதினோரு பேர் கைதட்டினார்கள்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் புருவம் உயர்ந்திருக்கும். ராஜா முகமதுவுக்கு மது எதற்கு? நியாயமான கேள்விதான். அதை ஆபீஸில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் விஷயமே.

ஜெர்சி சிட்டியில், ஹட்சன் ஆற்றைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு கட்டடத்தில், ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் கான்ட்ராக்டர். எங்கள் டீமில் மொரிதா என்று ஒரு ஜப்பானியர் இருந்தார். டோக்கியோவிலிருந்து இரண்டு வருட ப்ராஜெக்டுக்காக வந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயது. ஆங்கிலத்தை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, துடைத்து, மேஜையில் வைக்கிற மாதிரிப் பேசுவார். ப்ராஜெக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்பு விருந்தை வெள்ளிக்கிழமை மதியம் வைப்பதாக இருந்தது. "வெள்ளிக்கிழமை வேண்டாம், ராஜா சானுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது" என்று சொல்லி, அவரே வியாழனுக்கு மாற்றச் சொன்னார். 'சான்' என்பது ஜப்பானியர்கள் பெயரோடு சேர்க்கிற மரியாதை.

இந்த ஆஸ்பத்திரி விவகாரத்தைப் பிறகு சொல்கிறேன்.

விருந்து முடிந்ததும் மொரிதா எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னப் பரிசு கொடுத்தார். ஒருவருக்கு விசிறி, ஒருவருக்குச் சாப்பிடும் குச்சி, ஒருவருக்குக் கைக்குட்டை. கடைசியாக என் முறை. நீலத் துணியில் முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலம். அவிழ்த்தால் ஒரு அட்டைப்பெட்டி, அதன் மேல் பனியில் நிற்கும் ஒரு வெள்ளி நிற ரோபோ. உள்ளே பாட்டில். பாட்டிலிலும் அதே ரோபோ. ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு எண்.

அது சாகே. ஜப்பானியர்கள் அரிசியிலிருந்து எடுக்கிற மது. அதிலும் இது சாதாரண சாகே இல்லை என்று மொரிதா எல்லோருக்கும் விளக்கினார். அவருடைய சொந்த ஊரில் ஒரு பழைய சாகே தயாரிப்பாளர் இருக்கிறார். இப்போதைய இளைஞர்கள் சாகே பக்கம் திரும்புவதில்லை என்று அவருக்குக் கவலை. அதனால், மொரிதா சின்ன வயதில் பார்த்து வளர்ந்த ஒரு ரோபோ கார்ட்டூனின் ஆண்டு விழாவுக்கு, அந்த கார்ட்டூன்காரர்களோடு கைகோத்து லிமிடெட் எடிஷன் போட்டிருக்கிறார். கடையில் போய் வாங்க முடியாது. போஸ்ட்கார்டு போட்டுப் பதிவு செய்ய வேண்டும், பிறகு குலுக்கல். மொரிதாவின் அக்கா தன் பெயரிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரிலும் போஸ்ட்கார்டு போட்டு, ஒரே ஒரு பாட்டில் விழுந்திருக்கிறது.

அந்த ஒன்றுதான் என் கையில் இருந்தது.

"ரோபோ உங்கள் மகனுக்கு" என்றார் மொரிதா. என் மகன் இம்ரானுக்கு ஒன்பது வயது. அதே கார்ட்டூனை இங்கே கேபிளில் சனிக்கிழமை காலையில் பார்க்கிறவன். டீம் பிக்னிக்கில் இவரும் அவனும் அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்கள். "உள்ளே இருப்பது உங்களுக்கு. டாக்டரிடம் கேளுங்கள். இந்த அரிசியைப் பாதிக்கு மேல் தீட்டிவிடுவார்கள். நடுவில் இருக்கும் வெள்ளை மட்டும்தான் மிஞ்சும். அதனால் மிகவும் மென்மை. ஒரு சின்னக் கிண்ணம் உங்கள் வயிற்றை ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறேன். ஃப்ரிட்ஜில் வையுங்கள்."

கைதட்டல். நான் தலை குனிந்து நன்றி சொன்னேன். வேறென்ன செய்வது?

இப்போது வயிற்றுக்கு வருவோம்.

என் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

2001-ஆம் வருடம் அக்டோபரில் இந்த வேலையில் சேர்ந்தேன். அந்த அக்டோபர் எப்படிப்பட்டது என்று இந்த ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எரிந்து விழுந்த இரட்டைக் கோபுரங்களின் வாடை இன்னும் வந்துகொண்டிருந்தது. அதே வாரம் ஒரு கேஸ் ஸ்டேஷனில், அதாவது பெட்ரோல் பங்கில், என் மனைவி நசீமாவின் முக்காட்டைப் பார்த்து ஒருவன் கார் கண்ணாடியை இறக்கிக் கத்திவிட்டுப் போனான். சேர்ந்த மூன்றாம் நாள், வேலை முடிந்து டீமோடு பாரில் ஹேப்பி ஹவர். "ராஜா, உனக்கு என்ன பீர்?" என்றார் மேனேஜர் லிண்டா. பன்னிரண்டு ஜோடிக் கண்கள்.

"கோக் போதும். கொஞ்சம் வயிறு சரியில்லை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பொய் என்பது வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொள்கிற ஆசாமி. அடுத்த ஹேப்பி ஹவருக்கும் வயிறு சரியில்லாமல் இருந்தாக வேண்டும் இல்லையா? எனவே அல்சர் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஜர்னல் ஸ்கொயர் மசூதிக்குப் போக வேண்டும். எனவே அது வாராந்தர ஆஸ்பத்திரி செக்கப் ஆயிற்று. ரமலான் மாதம் பகலில் சாப்பிட முடியாது. எனவே, "டெஸ்ட் எடுக்கிறார்கள், வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்." ஒரு ரமலானில் டீமே கையெழுத்துப் போட்டு எனக்கு 'கெட் வெல்' கார்டு கொடுத்தது. அதை வாங்கிக்கொண்டு போய் நோன்பு திறந்தேன்.

பெயர்? ராஜா முகமது என்பதில் ராஜாவே போதும் என்று ஆபீஸில் முதல் நாளே சொல்லிவிட்டேன். மொரிதா அரிசி தீட்டுவதைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் ஆறு வருடமாகத் தீட்டிக்கொண்டுதானே இருக்கிறேன்... முகமது தவிடாகப் போய்விட்டது.

இதில் மொரிதா மாட்டினதுதான் பரிதாபம். வந்த முதல் வாரமே யாரோ அவரிடம் என் அல்சரைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த மனிதர் என் வயிற்றைத் தத்தெடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் போனால் எனக்காகக் காரமில்லாத கடையாகத் தேடுவார். புதன்கிழமைகளில் அவர் மனைவி ஒரு ஃப்ளாஸ்கில் வெறும் அரிசிக் கஞ்சியும், உப்பில் ஊறிய ஒரு பழமும் கொடுத்தனுப்புவார். நான் எதிரில் உட்கார்ந்து குடிப்பேன். நசீமா கட்டிக் கொடுத்த மட்டன் பிரியாணியை நாலு மணிக்கு எமர்ஜென்சி படிக்கட்டில் உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவேன்.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. வீட்டில் அன்று யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததே தப்பு. இம்ரான் பார்த்துவிட்டான்.

"வாப்பா, இட்ஸ் த ஆனிவர்சரி ஒன். ஒன்லி இன் ஜப்பான்" என்று பெட்டியைப் பிரித்துக்கொண்டு குதித்தான்.

நசீமா கிச்சனிலிருந்து வந்து பாட்டிலைப் பார்த்தாள். "என்னங்க இது?"

"மொரிதா கொடுத்தது. ஃபேர்வெல் கிஃப்ட்."

"அது சரி. என்னது இது?"

"அரிசியில செய்யறது."

"அரிசியில இட்லியும்தான் செய்யறாங்க. இது என்னங்க?"

சொன்னேன். அவள் இரண்டு அடி பின்னால் போய் நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இம்ரான் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான். மொரிதாவின் ஆங்கிலம், அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"ராஜா சான், உங்கள் வலியை இரண்டு வருடம் பார்த்தேன். நீங்கள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நான் உங்களை நினைத்துக்கொள்வேன். ஊருக்குப் போனாலும் நினைப்பேன்."

இம்ரான் கார்டைக் கீழே இறக்கினான். "வாப்பா... ஆர் யூ சிக்?"

அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் பயந்துபோயிருந்தான். "இல்லப்பா, ஐ'ம் ஃபைன்" என்றேன். நம்பினானா தெரியாது. நசீமா அவனை உள்ளே அனுப்பிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்த ஆஸ்பத்திரிங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஹேப்பி ஹவர், அல்சர், செக்கப், டெஸ்ட், கஞ்சி. அவளுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இந்த முக்காடை ஒரு நாள் எடுக்கலை. அந்த கேஸ் ஸ்டேஷன்ல அவன் கத்துனானே, அதுக்கு மறுநாள்கூட போட்டுக்கிட்டுதான் இம்ரானை ஸ்ட்ரோலர்ல தள்ளிட்டுப் போனேன். எனக்குப் பயம் இல்லைன்னு நெனச்சீங்களா?" என்றாள். பிறகு, "பாட்டிலைக் கொட்டிடலாம். சிங்க்கில அஞ்சு நிமிஷ வேலை. நீங்க தொழப்போனதை ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு வந்தீங்களே, அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

பாட்டிலை என்ன செய்வது என்பதும் அப்படியொன்றும் சின்னக் கேள்வி இல்லை. குடிக்க முடியாது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. டீமில் யாருக்காவது தள்ளிவிடலாம் என்றால், நம் மார்க்கத்தில் அதை அடுத்தவருக்குக் கொடுப்பதும் ஆகாது. கொட்டிவிடலாம் என்றால், ஊரெல்லாம் பெயர் எழுதிப் போஸ்ட்கார்டு போட்ட ஒரு அக்கா கண் முன்னால் வந்து நிற்கிறார். பரிசைத் திருப்பிக் கொடுப்பதோ, எந்த ஊரிலும் மரியாதையான காரியம் இல்லை.

அன்றைக்கு பாட்டில் காரின் பின்பக்க ட்ரங்குக்குப் போயிற்று. ஜனவரி மாத ஜெர்சியில் அதைவிட நல்ல ஃப்ரிட்ஜ் எது? சனிக்கிழமை மொரிதா போன் செய்தார். "ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா?"

"ரொம்பக் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கிறேன்" என்றேன். பொய் இல்லை. ஆறு வருடப் பயிற்சி.

போனை வைத்ததும் நசீமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை ப்ளைட்டுன்னீங்க இல்ல? நாளைக்குப் போய்ட்டு வந்துடுங்க" என்றாள். பிறகு, "இம்ரானையும் கூட்டிட்டுப் போங்க. அவனும் கேக்கட்டும்."

எனக்கு அதுதான் சுருக்கென்றது. மொரிதாவிடம் சொல்வதைவிட, மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்வது. அவன் வாப்பாவைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு வளரப் போகிறான் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது.

மொரிதாவின் வீடு எட்ஜ்வாட்டரில். ஹாலெல்லாம் அட்டைப்பெட்டிகள். கையில் பேக்கிங் டேப்போடு கதவைத் திறந்தவர், இம்ரானைப் பார்த்ததும் ரோபோ மாதிரி ஒரு சல்யூட் வைத்தார். இம்ரானும் வைத்தான். நான் பொட்டலத்தை ஒரு பெட்டியின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டீ வந்தது. அவர் மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

காரில் வரும்போது நீளமாக ஒரு முன்னுரை தயார் செய்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"மொரிதா சான், எனக்கு அல்சர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை" என்றேன். "நான் முஸ்லிம். அதனால் குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமை நான் போவது மசூதிக்கு. என் முழுப்பெயர் ராஜா முகமது."

அவர் டேப்பைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அல்லது அந்த ஒரு பார்வை... ஆறு வருடமாக நான் தவிர்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை.

"அப்படியானால்... வயிறு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நன்றாக இருக்கிறது."

"ஒன்றுமே இல்லையா?"

"ஒன்றுமே இல்லை."

அவர் உள்பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அவர் மனைவி அவசரமாக வெளியே வந்தார். என்னைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்து, குனிந்தார். அந்த அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று கேட்டு ஒருவர் அழுகிறார், அந்த நோயை உண்டாக்கியவன் நான். அன்று பட்ட வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

அந்த அம்மா கணவரிடம் ஏதோ கேட்டார். மொரிதா மொழிபெயர்த்தார். "கஞ்சி பிடித்திருந்ததா என்று கேட்கிறாள்."

ஒரு விநாடி யோசித்தேன். பழக்கதோஷம். பிறகு, "இல்லை" என்றேன்.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இம்ரானும் சிரித்தான். நான்கூடச் சிரித்தேன். மொரிதா மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று அவர் கேட்காமலேயே சொன்னேன். அந்த அக்டோபர், கேஸ் ஸ்டேஷன், பன்னிரண்டு ஜோடிக் கண்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"பயம். அது எனக்குப் புரிகிறது" என்றார். "மற்றவர்களிடம் சொல்லவில்லை. அதுவும் புரிகிறது." டீ கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "என்னிடம்?"

இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அவருக்கு என்னைப் பார்த்துப் பயப்பட ஒரு காரணமும் கிடையாது. எனக்கு அவரைப் பார்த்துப் பயப்படவும் கிடையாது. அவரும் என்னை மாதிரியே வேறு ஊரிலிருந்து வந்தவர். அப்படி ஒரு ஆள் எதிரில் இருப்பது என் கண்ணிலேயே படவில்லை.

"மன்னித்துவிடுங்கள்" என்றேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

எழுந்துபோய் பெட்டியைப் பிரித்தார். பாட்டிலைத் தனியாக எடுத்து, இரண்டு கைகளாலும் பிடித்து ஒரு ஓரமாக வைத்தார். காலிப் பெட்டியை இம்ரானிடம் நீட்டினார். "ரோபோ உனக்கு. உள்ளே இருந்தது எனக்கும் என் அக்காவுக்கும்" என்றார். அந்த நீலத் துணியை மடித்து அவனிடமே கொடுத்தார்.

திரும்பும்போது காரில் இம்ரான் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். பாலம் தாண்டியதும், "வாப்பா, ஹீ வாஸ் சேட்" என்றான்.

"ஆமா."

"பிகாஸ் யூ டோல்ட் அ லை?"

"ஆமாப்பா."

"ஓகே" என்றான். அந்த ஓகே-க்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது லிண்டா வழக்கம்போல, "செக்கப்பா? ஆல் த பெஸ்ட்" என்றார். "இல்லை. மசூதிக்கு. இத்தனை நாளும் அங்கேதான் போனேன்" என்றேன். அவர் கொஞ்சம் சிவந்து, "நீ சொல்லியிருக்கலாமே" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. மூன்று பேர் என் மேஜைக்கு வந்து கை கொடுத்தார்கள். தினமும் காலையில் காபியோடு வந்து ஃபுட்பால் பேசுகிற ஒருவர், அன்றிலிருந்து வரவில்லை. அவருக்கு வேலை அதிகமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆக, நான் பயந்தது முழுக்கக் கற்பனை என்று இங்கே எழுதி உங்களைச் சமாதானப்படுத்த முடியவில்லை.

பயந்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. அந்த வருடம் பயப்படாதவன் யார்? ஆனால், அன்றைக்குத் தேவைப்பட்ட பயத்தை அன்றைக்கே கழற்றி வைக்கத் தெரியவில்லை. அது அளவில்லாமல் தின்று வளர்ந்து, கடைசியில் எனக்காக அழுகிறவர்களையும் என்னைப் பார்த்துக் கத்துகிறவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. நம்மில் எத்தனை பேர் இப்படி ஏதாவது ஒரு அல்சரை வைத்துக்கொண்டு ஆபீஸ் போய் வருகிறோமோ... உங்களுக்குத்தான் தெரியும்.

டோக்கியோ போய்ச் சேர்ந்ததும் மொரிதா இரண்டு வரியில் ஒரு மெயில் போட்டார். நல்லபடியாகச் சேர்ந்துவிட்டோம், குளிர் அதிகம். முன்பெல்லாம் அவருடைய மெயில் எதுவாக இருந்தாலும் கடைசி வரியில் என் உடம்பை விசாரித்திருப்பார். இதில் அந்த வரி இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் கீழே வரை இறக்கிப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் நான் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் டீம் லஞ்சில், "கோக் போதும், நான் முஸ்லிம், குடிக்க மாட்டேன்" என்று வெயிட்டரிடம் முழங்கினேன்.

"ஐஸ் போடலாமா?" என்று கேட்டார் அவர்.